மூரனில் நான்கு இரவுகள்: சாப்பாட்டுக்கும் ராத்திரிக்கும் என்ன வழி?

கோவைக்குருவி

ஜனவரி மூன்றாவது வாரம் சுவிட்சர்லாந்து போகிறோம். நான், கணவர், என் அம்மா, 24 வயது தம்பி. சூரிக்கில் இறங்கி நேராக மூரன் போய் நான்கு இரவு தங்குவதாக ஏற்பாடு. சின்ன சமையலறை வைத்த அபார்ட்மென்ட் எடுத்திருக்கிறேன். லாட்டர்புரூனன் பள்ளத்தாக்குக்கு மேலே பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஊர், கார் கிடையாது, ஜன்னலைத் திறந்தால் ஐகர், யுங்ஃப்ரா மலைகள் எதிரே நிற்கும் என்று படித்துத்தான் அந்த ஊரைப் பிடித்தேன். இப்போது பதிவெல்லாம் முடிந்தபிறகு ராத்திரி அங்கே என்ன செய்வது, எங்கே சாப்பிடுவது என்ற கவலை வந்துவிட்டது. ஊரில் மொத்தமே 400 பேர் சொச்சம்தான் இருக்கிறார்கள் என்கிறார்கள்.

அம்மா சுத்த சைவம், முட்டையும் சேர்க்க மாட்டார். நாங்கள் மூன்று பேரும் எல்லாம் சாப்பிடுவோம், எனக்கு ஃபாண்டூ (உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டித் துண்டைத் தோய்த்துச் சாப்பிடுவது) ஒருமுறையாவது அந்த ஊரிலேயே சாப்பிட வேண்டும் என்று பல வருட ஆசை. தம்பிக்கு ராத்திரி வெளியே போக வேண்டும், பாட்டு, கூட்டம், நாலு பேரோடு பேச்சு, அவ்வளவுதான் அவன் கேட்பது. வீட்டில் நாங்கள் வழக்கமாக ராத்திரி ஒன்பது ஒன்பதரைக்குத்தான் சாப்பிடுவோம், அங்கே அது நடக்குமா? போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

பனிப்பாதை

நடக்காது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூரன் போகிற நம் ஆட்கள் நிறையப் பேர் அடிபடுவது இந்த ஒரு விஷயத்தில்தான். அங்கே உணவகம் திறந்திருப்பதும் அடுப்பு எரிவதும் வேறு வேறு. கதவு பதினொரு மணி வரை திறந்திருக்கும், உள்ளே ஆட்கள் பீர் குடித்துக்கொண்டு இருப்பார்கள், ஆனால் சூடான சாப்பாடு எட்டரைக்கு, மிஞ்சிப்போனால் ஒன்பதுக்கு நின்றுவிடும். மத்தியானமும் அப்படித்தான். இரண்டு மணிக்கு மேல் போனால் சூப், கேக், குளிர்ந்த பாலாடைக்கட்டித் தட்டு கிடைக்கும், மறுபடி அடுப்பைப் பற்றவைப்பது ஆறு மணிக்குத்தான். முதல் தடவை நாங்கள் பக்கத்தில் வேறொரு மலை ஊரில் தங்கியபோது எட்டே முக்காலுக்குச் சாப்பிடப் போனோம். பரிமாறுகிற பெண் உண்மையாகவே வருத்தப்பட்டாள், ஆனால் சமையல்காரர் போய்விட்டார். ரொட்டியும் சீஸும் ஊறுகாய் போட்ட குட்டி வெள்ளரியும் கொண்டுவந்து வைத்தாள். என் பையனுக்கு அப்போது ஏழு வயது, பசியில் அழுதுவிட்டான். அன்றிலிருந்து மலைக்குப் போனால் ஆறரைக்கு மேஜையில் இருப்போம்.

இன்னொன்று, உங்கள் தேதியைச் சரிபாருங்கள். ஜனவரி பிற்பகுதியில் மூரனில் இன்ஃபெர்னோ என்று ஒரு பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும். 1928-இல் பதினேழு பேர் சேர்ந்து ஆரம்பித்தது, இன்றைக்கு 1,800-க்கும் மேற்பட்ட அமெச்சூர் ஆட்கள் ஷில்ட்ஹார்ன் உச்சிக்குக் கொஞ்சம் கீழேயிருந்து கிளம்பி, பனி நன்றாக இருக்கிற வருடம் கீழே லாட்டர்புரூனன் வரைக்கும் சறுக்கி வருவார்கள். கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். அந்த வாரத்தில் ஒரு மாலை ஊர்வலம் வைத்து, பெரிய சாத்தான் உருவத்தைக் கொளுத்துவார்கள். நானூறு பேர் இருக்கிற ஊருக்குள் அவ்வளவு பேரும் குடும்பமும் வந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். தம்பிக்கு அது கொண்டாட்டம். ஆனால் முன்பதிவு இல்லாமல் நான்கு பேருக்கு மேஜை கிடைக்காது.

உணவகம் என்று பார்த்தால் பெரும்பாலும் ஹோட்டல்களோடு சேர்ந்தவைதான். ரயில் நிலையத்துக்கு எதிரேயே ஹோட்டல் ஐகர் இருக்கிறது, அதிலேயே டேக்கி பார் என்று ஒன்று. ஊரின் ராத்திரி வாழ்க்கையில் பாதி அந்த ஒரு அறைக்குள் அடங்கிவிடும். முக்கியத் தெருவில் ஸ்டேகர்ஸ்டூப்லி என்று மரச்சுவர் போட்ட சின்ன உணவகம், உள்ளூர்க்காரர்கள் வந்து உட்காருகிற இடம், எனக்கு ஊரிலேயே பிடித்தது அதுதான். அங்கே என்றில்லை, எங்கே போனாலும் ஒரு மேஜை மேல் 'ஷ்டாம்டிஷ்' என்று பலகை இருந்தால் அதில் உட்காராதீர்கள். அது ஊர்க்காரர்களுக்கென்று விட்டிருப்பது. ஹோட்டல் பெல்வியூவில் யேகர்ஸ்டூப்லி என்ற உணவகம் இருக்கிறது, ப்ளூமன்டால் ஹோட்டலில் குகை மாதிரி கல்சுவர் வைத்த அறையில் ஃபாண்டூ போடுவார்கள், உங்கள் ஆசைக்கு அது பொருந்தும். ஃபாண்டூ ஒருவருக்கு 25 முதல் 35 பிராங்க் வரை வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் தருவார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் வாரத்தில் ஓய்வு நாள் உண்டு, அதையும் பார்த்துக்கொண்டு மேஜையைப் பிடியுங்கள்.

குசினிக்காரன்_பெர்ன்

தங்கச்சி, நான் பெர்னர் ஓபர்லாண்ட் பக்கம் ஹோட்டல் குசினிகளில் (சமையலறைகளில்) பல வருடம் வேலை செய்தவன். வந்த புதிதில் கோப்பை கழுவினேன், பிறகு சலாட், பிறகு சூடான பக்கம். எங்கட ஆட்கள் நிறையப் பேருக்கு சுவிஸில் முதல் வேலை இதுதான். எண்பதுகளில் அகதியாக வந்தவர்களில் பாதிப் பேர் ஏதோவொரு உணவகத்தின் பின்கதவால்தான் இந்த நாட்டுக்குள் நுழைந்தார்கள் என்றே சொல்லலாம்.

மேலே நண்பர் சொன்ன நேரக் கணக்கு ஏன் அப்படி இருக்கிறது என்று உங்களுக்கு விளங்கினால் கோபம் வராது. குசினியில் வேலை செய்கிறவனுக்கு நாள் இரண்டாக வெட்டப்பட்டிருக்கும். காலையில் வந்து மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு மணிக்குப் போவான், ஐந்து மணிக்குத் திரும்பி வருவான். நடுவில் இருக்கிற அந்த இடைவெளிக்கு 'சிம்மர்ஷ்டுண்டே' என்று பெயர், அறைக்குப் போகிற நேரம் என்று அர்த்தம். அந்த நேரத்தில்தான் படுப்போம், ஊருக்குத் தொலைபேசி எடுப்போம். ராத்திரி ஒன்பதுக்குக் கடைசித் தட்டுப் போனாலும் அடுப்புத் தேய்த்து, நிலம் கழுவி வெளிக்கிட பத்தரை ஆகும். இரண்டு நாள் வேலைக்கு நடுவில் பதினொரு மணித்தியால ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சின்ன ஊரில் மாற்றி நிற்க இன்னொரு ஆள் கிடையாது. அதனால்தான் அடுப்பை நேரத்தோடு அணைக்கிறார்கள், உங்களை விரட்டுவதற்கு இல்லை.

இனி அம்மாவின் சாப்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே 'வெஜிடேரியன்' என்று மெனுவில் போட்டிருப்பது வேறு, அம்மா நினைக்கிறது வேறு.

ஃபாண்டூ அம்மாவுக்கு ஆகாது. அதில் வெள்ளை வைன் ஊற்றித்தான் பாலாடைக்கட்டியை உருக்குவார்கள், கடைசியில் கிர்ஷ் என்ற செரிப்பழச் சாராயமும் விடுவார்கள். அதை விடுங்கள், பாலாடைக்கட்டியே பிரச்சினை. ஃபாண்டூவில் போகிற பாலாடைக்கட்டியைக் க்ரூயேர் என்ற பெயரில் முத்திரையோடு விற்க வேண்டுமென்றால் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னட்டைத்தான் பாவிக்க வேண்டும், அது விதி. ஜெர்மனில் அதற்கு 'லாப்' என்று பெயர். கடையில் வாங்கும்போது பொதியில் 'மிக்ரோபியெல்லஸ் லாப்' என்று போட்டிருந்தால் அது விலங்கு இல்லாதது, அம்மா சாப்பிடலாம். உணவகத்தில் போய் இதைக் கேட்டால் பரிமாறுகிறவருக்குத் தெரியாது, குசினிக்குள் போய்க் கேட்டு வருவார்.

அடுத்தது பூயோன். மாட்டிறைச்சி ரசத்தூள். சூப், குழம்பு, அரிசி வேகவைக்கிற தண்ணீர், சில இடங்களில் சலாட் சோஸ், எல்லாவற்றிலும் ஒரு கரண்டி போகும். மரக்கறி சூப் என்று சொன்னாலும் 'கெம்யூஸபூயோன்' தானா என்று கேளுங்கள். அவர்கள் 'பிரெஞ்சு சோஸ்' என்று சொல்கிற வெள்ளைச் சலாட் சோஸில் பெரும்பாலும் முட்டை இருக்கும். 'எஸ்ஸிக் உண்ட் ஓல்' என்று கேட்டால் வினிகரும் எண்ணெயும் தனியாகக் கொண்டுவந்து வைப்பார்கள், அது நிம்மதி.

ரோஸ்டி நல்லது. உருளைக்கிழங்கைத் துருவிக் கல்லில் முறுக வறுக்கிறது. ஆனால் சில இடத்தில் பன்றிக்கொழுப்பில் வறுப்பார்கள் அல்லது ஷ்பெக் (உப்பிட்ட பன்றி இறைச்சி) துண்டுகள் போடுவார்கள், மேலே ஒரு முட்டையும் உடைத்து ஊற்றுவார்கள். 'வெண்ணெயில், ஷ்பெக் வேண்டாம், முட்டை வேண்டாம், மேலே மரக்கறி வையுங்கள்' என்று சொன்னால் எந்தக் குசினியும் செய்து தரும். முட்டைக்கு ஜெர்மனில் 'ஐயர்' என்று சொல்வார்கள், 'ஓனெ ஐயர்' என்றால் முட்டை இல்லாமல். அம்மாவுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் மேஜையில் சிரிப்பு வந்துவிடும்.

இதை ராத்திரி ஏழரைக்குக் கூட்டத்துக்கு நடுவில் சொல்லாதீர்கள். காலையில் பத்து மணிக்கு நேரே போய், அல்லது மேஜை பதிவு செய்கிற போதே ஜெர்மனில் எழுதிக் கொடுங்கள். குசினிக்கு நேரம் இருந்தால் மனதோடு செய்வார்கள். நான் வேலை செய்த இடத்தில் ஒரு தடவை இந்தியக் குடும்பமொன்று முதல் நாளே எழுதி அனுப்பியிருந்தது, நான் கடுகும் மிளகாயும் தாளித்துக் கோவா (முட்டைக்கோஸ்) பொரியல் செய்து அனுப்பினேன். அந்தப் பாட்டி கும்பிட்டுவிட்டுப் போனதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

இரவுரயில்

தம்பியின் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அவன் வயதில் அங்கே ஒரு சீசன் முழுக்க அந்தப் பள்ளத்தாக்கில் சுற்றியிருக்கிறேன்.

மூரனில் கிளப் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. அங்கே ராத்திரி என்பது நாலு மணிக்கே ஆரம்பித்துவிடும். கடைசிச் சறுக்கு முடிந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்து சூடான மசாலா வைன் குடிப்பார்களே, அதுதான் உச்ச நேரம். ஊருக்கு மேலே சறுக்குப் பாதைகளை ஒட்டி ஷில்ட்ஹார்ன்ஹ்யூட்டே, சொன்னன்பெர்க், ஸூப்பனால்ப் என்று குடிசைகள் உண்டு. அங்கே முகம் தெரியாதவர்கள் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள், பேச்சு தானாக வரும். மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை தம்பி அங்கே இருந்தால், ராத்திரி டேக்கி பாருக்குள் நுழையும்போது பாதிப் பேர் தெரிந்த முகமாக இருப்பார்கள். சின்ன ஊரில் இந்த ஒன்றுதான் பெரிய ஊரில் கிடைக்காதது.

பாட்டும் கூட்டமும் வேண்டுமென்றால் கீழே லாட்டர்புரூனனில் ஹார்னர் பப். அந்தப் பாறை விளிம்புகளிலிருந்து பாராசூட்டோடு குதிக்கிறார்களே, அவர்கள் கூடுகிற இடம். பல நாட்டு ஆட்கள், சத்தம், இளசுகள். அதைவிட வேண்டுமென்றால் இன்டர்லாக்கன், அங்கே பேக்பேக்கர் விடுதிகளை ஒட்டிய பார்கள் இருக்கின்றன. போவது சுலபம், திரும்பி வருவதில்தான் விஷயம். மூரனுக்கு ராத்திரி நடந்து ஏற முடியாது, டாக்ஸி வர ரோடே கிடையாது. லாட்டர்புரூனனிலிருந்து 141-ஆம் எண் பேருந்து பிடித்து ஸ்டெகல்பெர்க் போய், அங்கிருந்து கேபிள் கார். 2024 டிசம்பரில் ஸ்டெகல்பெர்க்கிலிருந்து மூரனுக்கு நேராகப் புதுப் பாதை திறந்திருக்கிறார்கள், 159 சதவீதச் சரிவு, உலகத்திலேயே செங்குத்தான கேபிள் கார். நாலு நிமிடத்தில் மேலே போய்விடும், ஆனால் கடைசி வண்டியை விட்டால் விட்டதுதான். கடைசிப் பேருந்தும் கடைசி கேபிள் காரும் எந்த நேரம் என்று எஸ்பிபி (சுவிஸ் ரயில்வே) செயலியில் அன்றைய தேதியைப் போட்டுப் பார்த்து, திரையைப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள். நான் ஒருமுறை அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டு, ஜனவரிக் குளிரில் பள்ளத்தாக்கிலேயே தங்க இடம் தேடி அலைந்தேன். கையில் பணம் இருந்தும் கதவு திறக்க ஆள் இல்லை. ஒரு நண்பனின் தரையில்தான் தூங்கினேன்.

உண்மையைச் சொன்னால், தம்பிக்கு ராத்திரிதான் முக்கியம் என்றால் எதிர்ப் பக்கத்து வெங்கனில் தங்கியிருக்கலாம். அங்கேயும் கார் கிடையாது, ஆனால் ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் இருக்கிற ஊர், பார்கள் அதிகம், லாட்டர்புரூனனிலிருந்து ரயிலே மேலே போகும். ஆனால் நீங்கள் பதிவு செய்துவிட்டீர்கள், அம்மாவோடு போகிறீர்கள், காட்சி என்று பார்த்தால் மூரன்தான். அதனால் மாற்ற வேண்டாம்.

கோவைக்குருவி

எல்லாருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. தேதியைப் பார்த்தேன், பந்தயம் நாங்கள் இருக்கிற சனிக்கிழமையேதான்! அபார்ட்மென்ட் விலை ஏன் அப்படி இருந்தது என்று இப்போது புரிகிறது. தம்பி குதிக்கிறான், சாத்தானைக் கொளுத்துவதைப் பார்த்தே ஆக வேண்டுமாம்.

குசினி அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். க்ரூயேர் விஷயம் கேட்டு அதிர்ந்துவிட்டார், போன தடவை துபாயில் அக்கா வீட்டில் சாப்பிட்டதில் என்ன இருந்ததோ என்று கேட்கிறார். அந்தப் பாட்டி கதையைக் கேட்டு அப்புறம் கண் கலங்கினார்.

இப்போது என் யோசனை, அம்மாவுக்கு ராத்திரி பெரும்பாலும் அபார்ட்மென்ட்டிலேயே சமைத்துவிடுவது. ஊரில் ஒரு கூப் கடை இருப்பதாகப் பார்த்தேன். இங்கிருந்து பொடிகள், கொஞ்சம் நெய், கறிவேப்பிலை, மோர் மிளகாய் கொண்டுபோகலாமா? ஆனால் அவரை அறையிலேயே உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் வெளியே போக எனக்கு மனம் வரவில்லை. அவரும் ஒரு நாளாவது நல்ல உணவகத்தில் ஜன்னல் ஓரம் உட்கார வேண்டும்.

ரசப்பொடி

நெய் கொண்டுபோகாதீர்கள். இந்தியாவிலிருந்து சுவிட்சர்லாந்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை, நெய் பால் பொருள்தான், பால் பேடாவும் அதே கணக்கு. மோர் மிளகாயிலும் மோர் இருக்கிறதல்லவா, அதையும் விட்டுவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், புதிய செடி, இலை, பழம் என்று கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், 2020-லிருந்து அப்படித்தான். காய்ந்த இலை, சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பருப்பு, பெருங்காயம், வறுத்த ரவை, புளிக்காய்ச்சல் போன்றவை சிக்கலில்லை. வெண்ணெய் கூப்பில் வாங்கி நீங்களே உருக்கி நெய் காய்ச்சிக்கொள்ளலாம், அந்த நாட்டு வெண்ணெயில் காய்ச்சினால் வாசனை அருமையாக இருக்கும், நான் ஒவ்வொரு தடவையும் செய்வேன். தயிரும் நன்றாக இருக்கும், ஆனால் பொதியைப் படித்து ஜெலட்டின் இல்லாததாக, இனிப்பு இல்லாததாக எடுங்கள். 'நாட்டூர்' என்று போட்டிருப்பதுதான் நம் தயிர்.

கூப் மாலையிலேயே மூடிவிடும், வந்து இறங்குகிற நாளிலேயே முதலில் கடைக்குப் போய்விட்டு அப்புறம் பெட்டியைப் பிரியுங்கள். ஊரில் விலையும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், வழியில் இன்டர்லாக்கனிலேயே அரிசியும் காய்கறியும் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். குடிதண்ணீர் வாங்கவே வேண்டாம், தெருக்குழாய்த் தொட்டித் தண்ணீரே குடிக்கலாம், 'குடிதண்ணீர் அல்ல' என்று பலகை இருந்தால் மட்டும் தொடாதீர்கள். உணவகத்தில் அதே குழாய்த் தண்ணீரைக் கேட்டால் சில இடங்களில் காசு போடுவார்கள், அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

சூரிக்கிலிருந்து வருகிற வழியில் பெர்னில் இறங்கினால் அம்மாவுக்கு ஒரு நல்ல மத்தியானச் சாப்பாடு கிடைக்கும். ஐரோப்பாப்ளாட்ஸ் என்ற இடத்தில் மதங்களின் இல்லம் என்று ஒரு கட்டடம், 2014-இல் திறந்தது. ஒரே கூரைக்குக் கீழே இந்துக் கோயில், மசூதி, புத்தக் கூடம், தேவாலயம் எல்லாம் இருக்கின்றன. கோயில் ஈழத் தமிழர்கள் நடத்துவது, அங்கேயே 'வணக்கம்' என்ற பெயரில் சைவ உணவகமும் உண்டு. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினால் இன்டர்லாக்கன் ஒரு மணி நேரத்துக்குள்.

பனிப்பாதை

அம்மாவை வெளியே கூட்டிப்போகிற விஷயத்துக்கு ஒரு யோசனை. நம் வழக்கத்தை மாற்றி, பெரிய சாப்பாட்டை மத்தியானத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ராத்திரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் கண்ணாடியில் தெரியும். பன்னிரண்டு மணிக்குப் போனால் வெயில் மலை மேல் விழுந்து, அந்த எதிர்ச் சுவர் முழுக்க மின்னும். மூரனிலிருந்து குட்டி மலை ரயிலில் வின்டரெக் என்று ஒரு நிறுத்தம், ஸ்டேஷனை ஒட்டியே உணவகம், அம்மா ஏற இறங்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. அல்லது ஊருக்குள்ளிருந்தே 1912-இலிருந்து ஓடுகிற இழுவை ரயிலில் ஏறினால் சில நிமிடத்தில் ஆல்மென்ட்ஹூபல், 1,900 மீட்டர் உயரம், மேலே உணவகமும் வெயில் மேடையும் உண்டு. அம்மாவுக்கு மூச்சு வாங்காத உயரம் அது. ஷில்ட்ஹார்ன் உச்சியில் 2,970 மீட்டரில் பிட்ஸ் க்ளோரியா, சுழலும் உணவகம், 1969-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தை எடுத்தார்களே அதே இடம். அழகுதான், ஆனால் அம்மாவை அவ்வளவு உயரத்துக்குக் கூட்டிப்போவதானால் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடுங்கள். பந்தய சனிக்கிழமை அந்தப் பக்கம் தலைவைக்கவே வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடங்கியது, 1974-இலிருந்து அப்படித்தான். பத்து சதவீதம் கணக்குப் போட்டு வைக்கத் தேவையில்லை. 93 பிராங்க் வந்தால் நூறாகக் கொடுத்து மீதி வேண்டாம் என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கிறபோதே வாயால் சொல்ல வேண்டும், மேஜையில் வைத்துவிட்டு வருகிற பழக்கம் அங்கே குறைவு.

கோவைக்குருவி

சரி, இப்படிப் போகலாம் என்று நினைக்கிறேன். புதன்கிழமை பெர்னில் மத்தியானச் சாப்பாடு, மூரன் போய்ச் சேர்ந்து ரசம் சாதம். வியாழன் ராத்திரி நானும் கணவரும் தம்பியும் ஃபாண்டூ, அம்மாவும் கூட வந்து உட்கார்ந்து ரோஸ்டி. வெள்ளி மத்தியானம் வின்டரெக். தம்பி வெள்ளியும் சனியும் ராத்திரி அவன் இஷ்டம், ஆனால் மூரனுக்குள்ளேயே, கீழே இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒப்புக்கொண்டான்.

ஒரே சந்தேகம். நாங்கள் மூன்று பேர் வைன் ஊற்றிய ஃபாண்டூவை நடுவில் வைத்துச் சாப்பிடும்போது, அம்மா அதே மேஜையில் உட்கார்ந்து வேறு சாப்பிட்டால் உணவகத்தில் ஏதாவது நினைப்பார்களா? அம்மாவுக்கு அந்த வாசனையும் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை.

குசினிக்காரன்_பெர்ன்

ஒன்றும் நினைக்க மாட்டார்கள் தங்கச்சி, மூன்று பேருக்கு ஃபாண்டூ, ஒருவருக்கு ரோஸ்டி என்று தினமும் போகும். ஆனால் வாசனை பலமாகத்தான் இருக்கும், பழகாத ஆளுக்குக் கஷ்டம், சாராயமும் பழைய பாலாடைக்கட்டியும் சேர்ந்த மணம், உடுப்பிலும் ஏறிவிடும். மேஜை பதிவு செய்கிற போது குகை அறை வேண்டாம், கதவுக்கோ ஜன்னலுக்கோ பக்கமாக, பெரிய அறையில் கேளுங்கள். ஆறு மணிக்கே போங்கள், அந்த நேரம் வேறு யாரும் ஃபாண்டூ போட்டிருக்க மாட்டார்கள், காற்று சுத்தமாக இருக்கும். அம்மாவின் தட்டை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் உங்கள் சட்டி வந்தால் போதும், பிறகு அவர் ஒரு தேத்தண்ணியோடு இருக்கலாம்.

சட்டியில் பாண் (ரொட்டி) துண்டை எட்டுப் போடுகிற மாதிரி அடி வரைக்கும் கிண்டிக்கொண்டே சாப்பிடுங்கள், நிறுத்தினால் கட்டியாகிவிடும். கூடக் குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று இங்கே வீட்டுக்கு வீடு சொல்வார்கள், சூடான கறுப்புத் தேநீர் அல்லது வெள்ளை வைன்தான் வழக்கம். கடைசியில் சட்டியின் அடியில் பொன்னிறமாக ஒரு வட்டம் ஒட்டியிருக்கும், அதற்குக் 'க்ரோஸ்முட்டர்' என்று பெயர், பாட்டி என்று அர்த்தம். சட்டியை எடுக்க வந்தால் கொடுத்துவிடாதீர்கள், சுரண்டித் தரச் சொல்லுங்கள், முழுச் சட்டியிலும் ருசி அதில்தான்.

அம்மாவுக்கான ஜெர்மன் சீட்டை நான் நாளைக்கு எழுதி இங்கேயே போடுகிறேன். காளானும் வெங்காயமும் பூண்டும் சாப்பிடுவாரா, இல்லையா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

கோவைக்குருவி

வெங்காயம் பூண்டு இரண்டும் சாப்பிடுவார் அண்ணா. காளான் மட்டும் தொட மாட்டார்.